தம்பியின் இடது கன்னம்

ஒரு முட்டையை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார் அந்த அம்மாள். அடுப்பில் வாணலி புகைகிறது. பக்கத்தில் கரண்டியும் கையுமாகக் கணவர்.

“எண்ணெய் காஞ்சாச்சு. முட்டையக் குடுத்தா உடைச்சு ஊத்திடுவேன்.”

“இருங்க. அடியில பாருங்க, மேடையில பட்ட வெளிச்சம் திரும்பி முட்டை மேலயே ஏறுது. இதைப் பாக்காம உடைக்கச் சொல்றீங்களே.”

கணவர் அடுப்பைத் தணித்தார். தினமும் நடக்கிற கூத்துதான் என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

அலுவலகத்தில் இந்த அம்மாளுக்குக் ‘கரண்ட் கட்’ என்று பெயர். காலையில் நுழைந்ததும் பையைக்கூட இறக்கி வைக்காமல் விளக்குகளை வரிசையாக அணைத்துவிடுவாராம். படித்தது எண்ணெய் வண்ண ஓவியம். பிழைப்பது வி.ஆர் என்கிற மெய்நிகர் உலகத்தில். கண்ணை மூடும் அந்தக் கனத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டதும், இல்லாத ஓர் அறைக்குள் போய் நிற்கிறோமே, அந்த அறைகளுக்கு வெளிச்சம் வைப்பவர் இவர். மற்றவர்கள் எடுத்த எடுப்பில் நாலு விளக்கைப் போடுவார்கள். இவர் பழைய ஓவியர்கள் கித்தான் துணி முழுக்கக் கரும்பழுப்பு பூசிவிட்டு ஆரம்பித்த மாதிரி, அறையை முதலில் இருட்டடித்துவிட்டு ஒரே ஒரு ஜன்னலைத் திறப்பார். நெற்றியில் கொஞ்சம், மூக்கில் கொஞ்சம், ஒரு கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம். மீதி இருட்டோடு சேர்ந்துவிடும்.

“எல்லாத்தையும் போட்டு உடைச்சா அப்புறம் பாக்கறதுக்கு என்ன இருக்கு?” என்பார்.

வீட்டிலும் இதே கதிதான். சாப்பாட்டு மேஜைக்கு ஒரு பக்கம் மட்டும் விளக்கு. “மீன்ல முள்ளு எது சதை எதுன்னு தடவித் தடவித்தான் சார் திங்கிறேன்” என்றார் கணவர், பத்திரிகைக்குப் பேட்டி எடுக்க வந்த என்னிடம். அம்மாள் பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், “தாடையக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பும்மா” என்று கேட்டிருக்கிறார். அந்தப் பெண் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டாள். இதை அவரே சொல்லிச் சிரித்தார்.

அடுத்த வாரம் ஓவியக் கூடம் ஒன்றில் இவருடைய படைப்பைக் காட்சிக்கு வைக்கிறார்கள். கம்பெனிக்காகச் செய்ததல்ல, சொந்தமாகச் செய்தது. முதலில் எனக்குக் காட்டுவதாகச் சொல்லிக் கண்ணாடியை மாட்டிவிட்டார்.

அசந்து போனேன். இருட்டறை. வலது கன்னத்தில் ஜன்னல் வெளிச்சம் விழ ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கீழிமையின் ஈரம்கூடத் தெரிகிறது. மூச்சு விடுகிறார். அவர் மேல் இடித்துவிடக் கூடாதே என்று நான் ஒதுங்கி நின்றேன். ஓவியத்தில் நின்ற இடத்திலிருந்துதான் பார்க்கலாம், இதில் சுற்றி வரலாமே என்று ஆசையாக அவருடைய இடப்பக்கம் போனேன்.

அந்தப் பக்கம் முகமே இல்லை. கன்னம் இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. முகமூடியைத் திருப்பிப் பார்த்தது போல மூக்கின் உட்புறம் தெரிந்தது. அவர் தலைக்குள்ளே புகுந்து, எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடியைப் பிடுங்கி எறியாத குறைதான். கரண்ட் கட் அம்மாள் சாவதானமாக நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“இருட்டுப் பக்கம் எதுக்கு சார் போனீங்க? ஓவியத்துல இருட்டுக்குப் பின்னாடி என்ன இருக்கும், வெறும் துணி. கண்ணு போகாத இடத்துல எனக்கு என்ன வேலை?”

“இதுல கண்ணு போகுதேம்மா. காலும் போகுதே.”

அவர் உள்ளறைக் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, “அது என் தம்பி” என்றார். “ஆலையில ஸ்டீம் பைப் வெடிச்சுது. இடது பக்கம் மொத்தமும் வெந்துடுச்சு. அதிலேர்ந்து வாசல் தாண்டறதில்ல. உள்ள உக்காந்து போன்ல பேசுற வேலைதான். அவன் அந்தப் பக்கமெல்லாம் வந்து பாக்க மாட்டான் சார். கண்ணாடில முகம் பாக்கறதையே விட்டுட்டான்.”

பேச்சு முடியவில்லை, உள்ளறைக் கதவு திறந்தது. வந்தவர் முகத்தின் வலப்பக்கம் நான் சற்று முன் பார்த்த அதே முகம். இடப்பக்கம் முடியை நீளமாக வளர்த்துத் தொங்கவிட்டிருந்தார்.

“பாத்தீங்களா சார்?” என்று சிரித்தார். “என் முகத்தப் போட்டுக்கோன்னு சொன்னேன், ஆனா ஒரே கண்டிஷன். ரெண்டு பக்கமும் இருக்கணும். வர்றவங்க முதல்ல அதுல பாத்துப் பழகட்டும். ஜனங்க தாங்கினாங்கன்னா மறுநாளே நானும் செருப்ப மாட்டிட்டுக் கிளம்பிடுவேன். அக்கா சரின்னு சத்தியம் பண்ணியிருக்கா.”

அம்மாளைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியம் பண்ணிவிட்டா இப்படிச் செய்தார் என்று கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது.

தம்பி கண்ணாடியை எடுத்துவிட்டார்.

“இன்னும் முடியலடா. அப்புறம் பாரு.”

“இப்பவே பாக்கறேன். அடுத்த வாரம் ஊரே பாக்கப் போகுது.”

மாட்டிக்கொண்டதும் நேரே இடப்பக்கத்துக்குத்தான் நடந்தார். வலப்பக்கத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நின்றார். குனிந்தார். கையை நீட்டி, வெறும் காற்றில், கன்னம் இருக்க வேண்டிய உயரத்தில் தடவினார். கை எதிலும் படாமல் போய் வந்தது.

“அக்கா, என் கன்னம் எங்க?”

“நிழல்ல இருக்குடா.”

“நிழல்ல இல்ல. இல்லவே இல்ல.”

கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் பத்திரமாக வைத்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். போனில் பேசிப் பழகிய அதே நிதானமான குரலில்தான் சொன்னார்:

“ஸ்டீம் கூடக் கொஞ்சம் விட்டு வச்சுதுக்கா. நீ மொத்தமா எடுத்துட்ட.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

“என்னால பாக்க முடியலடா” என்றார் அக்கா. வாய் கோணியது. “உக்காந்தேன். எத்தனையோ தடவை உக்காந்தேன். கை வரல.”

“காலைல பல்லு விளக்கும்போது தினம் நான் பாக்கறேன்ல. உன்னால ஒரு தடவை முடியாதா?”

தம்பி போய் ஜன்னல் திரையை முழுவதும் விலக்கினார். நாற்காலியை இழுத்து, இடப்பக்கத்தில் வெளிச்சம் விழும்படி திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அக்கா ஒரு பலகையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு அவர் எதிரே முக்காலியில் அமர்ந்தார்.

கையை நீட்டி, தம்பியின் முடியை மெல்ல ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகப் போனார். செருகுவதற்குக் காது இல்லை. முடி மறுபடியும் கன்னத்தில் விழுந்தது. அதை இடது கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை எடுக்காமல், வலது கையால் வரையத் தொடங்கினார்.