உரோமை ஆயர் என் பக்கம்

ஐம்பத்தாறாவது வயதில் கத்தோலிக்கனாகச் சேருவதென்று முடிவெடுத்தேன். மனைவி தீவுப்பகுதியில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கலியாணம் முடிந்த இருபத்துநான்கு வருடங்களில் அவள் ஒருநாள்கூட என்னை வற்புறுத்தியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அஜக்ஸ் நகரில் எங்கள் வீட்டுச் சமையலறையில், நானாகவே சொன்னேன்.

"நானும் சேரலாமெண்டு நினைக்கிறன்."

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "வடிவா யோசிச்சுத்தான் சொல்லுறீங்களோ?"

"ஓம்."

அவள் மறுபடியும் வெங்காயத்தைக் கையில் எடுத்தாள். அன்றைக்குக் குழம்பில் இரண்டு தரம் உப்பு விழுந்திருந்தது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் சைவக் குடும்பத்தில் பிறந்தவன் என்றாலும் ஏற்கெனவே ஒருமுறை ஞானஸ்நானம் பெற்றிருந்தேன். அகதியாக இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம், ஆறு பேர் ஒரு பேஸ்மென்டில் இருந்தோம். கடையொன்றின் மேல்மாடியில் கூடிய சின்னத் தமிழ் ஜெபக்கூட்டம்தான் எங்களுக்குக் குளிருக்குக் கோட் தந்தது, ஞாயிறு மத்தியானம் சோறும் தந்தது. செப்டம்பர் மாதத்தில் ஒருநாள் அந்தக் கூட்டத்தின் பாஸ்டர் என்னை ஒன்ராறியோ ஏரிக்குள் இறக்கி முழுக்குக் கொடுத்தார். இரண்டு வருடத்தில் கூட்டம் கலைந்துவிட்டது. பாஸ்டர் வேறு மாகாணத்துக்குப் போய் அங்கேயே காலமாகிவிட்டார். என்னிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை.

விஷயம் மனைவியின் அண்ணன் காதுக்குப் போனது. கத்தோலிக்கக் கோயிலில் வாசகம் வாசிக்கிறவர், எதிலும் முறை பார்க்கிறவர்.

"உது செல்லாது" என்றார். "ஆரோ ஒருத்தர் ஏரிக்குள்ள தாட்டு எடுத்தா அது ஞானஸ்நானமோ? எங்கட பங்குச் சுவாமியிட்ட முதல்ல இருந்து முறையா எடும்."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனாலும் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த வருடம் முழுக்க அகதி அலுவலகத்தில் நான் ஒரு கேஸ் நம்பராகத்தான் இருந்தேன். பெயரைச் சொல்லி அழைத்து, இனி நீ எங்களுடைய ஆள் என்று ஒருவர் சொன்னது அந்தத் தண்ணீருக்குள் நின்றபோதுதான். அது செல்லாது என்றால், அன்றைக்கு எனக்கு நடந்தது என்ன?

சேர விரும்புகிறவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் கோயில் மண்டபத்தில் வகுப்பு. படிப்பித்தவள் இங்கேயே பிறந்த பிள்ளை, முப்பது வயதிருக்கும். பகலில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். வகுப்பு முடிந்ததும் அவளிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"அங்கிள், திஸ் இஸ் எ வெரி ஓல்ட் ஃபைட்" என்றாள்.

மூன்றாம் நூற்றாண்டில் நடந்த சண்டையாம். சபையை விட்டுப் பிரிந்துபோன கூட்டங்களில் திருமுழுக்குப் பெற்றவர்கள் சபைக்கு வந்தால் என்ன செய்வது? மீண்டும் முழுக்கெடுக்க வேண்டும் என்றார் வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரத்து ஆயர், அதாவது பிஷப். தேவையில்லை, கைகளை வைத்து ஏற்றுக்கொண்டால் போதும், அதுதான் பழைய வழக்கம் என்றார் அப்போதைய பாப்பரசரான உரோமை ஆயர். தான் பேதுருவின் இடத்தில் இருப்பவன் என்பதையும் அழுத்திச் சொன்னார்.

"பாப்பரசர் சொன்னா மற்றவை கேட்டிருப்பினந்தானே?" என்றேன்.

"நோ, அங்கிள். கார்த்தேஜ்ல எண்பதுக்கு மேல பிஷப்மார் கூடினவை. ஒருத்தரும் மற்ற பிஷப்மாருக்கு மேல பிஷப் இல்லை எண்டு சொல்லிட்டினம். அவை அனுப்பின ஆக்களை ரோம்ல உள்ளுக்கே விடேல்லையாம்."

"பிறகு?"

"ரெண்டு பேரும் செத்துப் போச்சினம். அடுத்த நூற்றாண்டில மேற்குப் பக்கத்து பிஷப்மார் சங்கம் கூடி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி எண்டு சொல்லிக் குடுத்திருந்தா திரும்பத் தேவையில்லை எண்டு முடிவெடுத்தினம். ஸோ, ரோம் வொன். ஆனா ரெண்டு பேருமே செயின்ட்ஸ்தான்."

உரோமை ஆயர் என் பக்கம் நிற்கிறார் என்ற சந்தோஷத்தில் நான் எழும்பியபோது அவள் கேட்டாள்: "உங்கட பாஸ்டர் என்ன வேர்ட்ஸ் சொன்னவர்? சில இடங்களில இயேசுவின்ட பெயரை மட்டும் சொல்லுவினம். அது காணாது. பார்த்த ஆள் ஆராவது எழுதித் தரவேணும்."

எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை. காதெல்லாம் தண்ணீர், குளிர் மட்டுந்தான் நினைவில் இருந்தது. அன்றைக்குக் கரையில் துவாயோடு நின்றவன் எங்கள் பேஸ்மென்ட் ஆறு பேரில் ஒருவன். இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறான், சனிக்கிழமைகளில் அங்குள்ள சைவக் கோயிலில் அன்னதானம் பரிமாறுவான். மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். வேட்டி உடுத்து, நெற்றி நிறைய விபூதியோடு, பாயாச வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"டேய், அந்த ஏரிக்கரை ஞாபகம் இருக்கோ?"

"மறப்பனோ? நீ நடுங்கின நடுக்கமும்!"

"பாஸ்டர் என்ன சொல்லித் தாட்டவர்?"

வாளியை மேசையில் வைத்தான். "பிதாவெண்டு ஒருக்கா, குமாரனெண்டு ஒருக்கா, பரிசுத்த ஆவியெண்டு ஒருக்கா. மூண்டு தரம் தாட்டவர். இந்தக் குளிருக்க மனுசன் ஒரே தரத்தில முடிக்கக்கூடாதோ எண்டு நான் கரையில நிண்டு பேசினனான்."

மனைவி சிரித்தபடி முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

"எழுதித் தருவியோ?"

"தாறன். ஆனா நான் சைவன். என்ர எழுத்தை எடுப்பினமோ?"

அங்கேயே நின்று வகுப்பெடுத்த பிள்ளைக்கு அழைத்துக் கேட்டேன். கண்ணால் பார்த்துக் காதால் கேட்டிருந்தால் போதுமாம். அன்னதான மண்டபத்து மேசையில் குனிந்து, நிறுத்தி நிதானமாக ஒரு பக்கம் எழுதினான். குளிரைப் பற்றியும் இரண்டு வரி சேர்த்திருந்தான். சுவாமி அதை வாசித்துச் சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்.

நவம்பரில் ஒரு ஞாயிறு காலைப் பூசையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். தண்ணீர் இல்லை. சுவாமி கைகளை நீட்டிச் செபித்து, நெற்றியில் எண்ணெய் பூசினார், அவ்வளவுதான். என் வலது தோளில் கைவைத்து நின்றவர் மனைவியின் அண்ணன். ஞானத்தகப்பனாக நிற்கும்படி நான் கேட்டபோது இரண்டு நாள் யோசித்துத்தான் சம்மதித்திருந்தார். அந்தக் கையின் பாரம் எனக்குப் பிடித்திருந்தது. ஏரியில் தொடங்கிய நாள் ஒன்று இப்போதுதான் முடிகிறது போலிருந்தது.

பூசைக்குப் பிறகு எங்கள் வீட்டில் சாப்பாடு. றிச்மண்ட் ஹில்காரனும் வந்திருந்தான். அவனுக்குப் பக்கத்தில் இருந்த, அந்தப் பழைய சண்டையை என் வாயால் கேட்டிருந்த அண்ணன், "என்ன இருந்தாலும் அந்தக் கார்த்தேஜ் ஆயர் சொன்னதிலயும் ஞாயம் இருக்கு" என்று தொடங்கினார்.

"நீங்கள் கரையில நிண்டிருந்தா உப்பிடிச் சொல்லமாட்டியள், அண்ணை" என்றான் அவன்.

கதை நீண்டுகொண்டே போனது. மனைவி இரண்டாம் தரமும் தேத்தண்ணி போட்டாள். போன வாரம் அண்ணனுக்கு ஒரு பழைய கார் பார்க்க அண்ணனும் அவனும் சேர்ந்து மிசிசாகா போய்வந்தார்கள்.