ஆரணிக்குப் போய்த் திரும்பிய கல்லீரல்

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, ஆரணியில் உயிரோடு இருக்கும் ஒரு மனிதரின் பழைய கல்லீரலைப் புதைக்கவிடாமல் பேசி நிறுத்தினேன். எட்டு மாதத்துக்கு முன் எனக்கும் மாற்றுக் கல்லீரல் வைத்தார்கள். என்னைப் போல அறுவை முடிந்து ஊர் போக நினைப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

நான் பட்டுப்புடவை மொத்த வியாபாரி. சைக்கிள் கேரியரில் மூட்டை கட்டித் தொடங்கியவன். ஆரணித் தெருக்கள் அத்துப்படி. அதனால்தான் எனக்கு அறுவை நடந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். மாற்று அறுவையின்போது நோயாளிகளிடமிருந்து எடுத்த பழைய கல்லீரல்களை வைத்து ஆராய்ச்சி செய்பவர் அவர். ஆரணி நெசவாளர் ஏசுபாதத்தின் கல்லீரலில், முழுக்கத் தழும்பு மண்டியிருந்தும், ஓர் ஓரம் மட்டும் தானாகத் தேறியிருந்ததாம். எப்படித் தேறியது என்று பிடித்துவிட்டால் சிலருக்கு மாற்று உறுப்பே தேவைப்படாமல் போகலாம். ஆனால் ஏசுபாதம் அதைத் திருப்பிக் கேட்டுவிட்டார். கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

காலைப் பத்து மணி மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பத்தரைக்குச் சென்னையில் கிளம்பினோம். காஞ்சிபுரம், செய்யாறு வழி. என் வண்டி மீட்டரில் போக 138 கிலோமீட்டர், போய்வர டீசல் 1,150 ரூபாய். செய்யாறில் சாப்பாடு இருவருக்கு 260. நான் சூடாக வந்ததை மட்டும் தொட்டேன். பின் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார வைத்த வெள்ளைப் பெட்டிக்குள் ஜாடி இருந்தது. ஒவ்வொரு வேகத்தடைக்கும் உள்ளேயிருந்து ஒரு தட்டு. ஒரே ஒரு தட்டு.

"மூணு மாசமா போன் பண்ணி, குளிருது குளிருதுங்கறார் சார்," என்றார் டாக்டரம்மா. "மூணு மாசம் முன்னாடிதான் ஜாடியைக் குளிரறைக்கு மாத்தினோம். அவர்கிட்ட யாரும் சொல்லல."

2.15க்கு ஆரணி. பாதிப் புடவையோடு தறி நின்றிருந்தது. அந்த வெயிலில் ஏசுபாதம் ஸ்வெட்டர் போட்டிருந்தார்.

"கை நடுங்குது. மூணு மாசமா தறியில உக்கார முடியலண்ணா," என்றார்.

"கிரைண்டர் வாங்கத் துட்டு இல்லன்னாரு. ஈரலுக்குக் கல்லறைக் கல்லு அடிச்சுகினு வந்துட்டாரு," என்றார் அவர் மனைவி எஸ்தர். "ஆட்டு ஈரல்னா குழம்பு வெச்சு முடிச்சிருப்பேன். இது ஒரே பேஜாருங்க."

"நீ கம்முனு இரு. உனக்கா குளிருது?"

மூன்றரைக்குக் கல்லறைத் தோட்டம் போனோம். அவருடைய அப்பாவின் கல்லறைக்குப் பக்கத்தில் இரண்டடிக் குழி தயாராக இருந்தது. குழியருகே நட்ட கல்லில் ஏசுபாதத்தின் பெயர், பிறந்த வருடம், அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குப் பிறகு வெறுங்கல். ஏசுபாதம் குழியோரம் உட்கார்ந்து ஜாடியை மடியில் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரைக் கழற்றினார். நெற்றியில் வியர்வை.

"உயிர்த்தெழற நாள்ல முழுசா எழுந்திருக்கணும்ண்ணா. அப்பா பக்கத்துல இருக்கட்டும்."

வேப்ப மர நிழலில்தான் நின்றிருந்தேன். மணி நான்கு. வழக்கம்போல என் வலது விலாவுக்கடியில் வெயில் அடிக்கிற மாதிரி ஒரு சூடு. எட்டு மாதமாகத் தினமும் இதே நேரம் வரும். மாத்திரையின் வேலை என்று விட்டுவிட்டேன்.

எதிராளிக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று தெரியாமல் பேரம் பேசக்கூடாது. "ஏசுபாதம், பிரிஞ்சு இருக்கறது கஷ்டமா, குளிர்றது கஷ்டமா?" என்றேன்.

ஜாடி மூடி மேல் உள்ளங்கையை வைத்தார். "குளிர்றதுதாண்ணா. எழுந்திருக்கறது அப்புறம்தானே."

அங்கேயே ஒரு தாளில் எழுதி ஏசுபாதமும் டாக்டரம்மாவும் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து மணிக்கு ஜாடியோடு கிளம்பும்போது எஸ்தர் குழியை மூடிக்கொண்டிருந்தார். கல் மட்டும் அப்படியே நின்றது.

திரும்புகையில் செய்யாறில் டீ, இரண்டுக்கு முப்பது ரூபாய். "என்னுது என்ன ஆச்சு மேடம்?" என்று கேட்டேன்.

"அதுவும் எங்ககிட்டதான் சார். மேற்கு ஜன்னல் பக்கத்து அலமாரி. நாலு மணிக்கு அது மேல வெயில் விழுது. திரை போடணும்னு பார்க்கறேன், முடியவே மாட்டேங்குது."

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

போகிறவர்கள் மாத்திரை நேரத்தை வைத்துப் பயணத்தைப் போடுங்கள். வெந்நீர் கையில் இருக்கட்டும். அறுவைக்கு முன் நீட்டும் தாள்களில், எடுத்த உறுப்பை ஆராய்ச்சிக்கு எழுதிக்கொடுக்கும் கடைசித் தாளையும் படியுங்கள். சரக்கு எங்கே போகிறது என்று கேட்காமல் நான் கையெழுத்துப் போட்ட ஒரே தாள் அதுதான்.

ஏசுபாதத்துக்கு எழுதிக்கொடுத்தது இது: ஜாடி இனிக் குளிரறைக்குப் போகாது. அவர் இருக்கும்வரை ஆராய்ச்சிக்கு. அவர் கண் மூடிய தகவல் போனதும், வெட்டியெடுத்த துணுக்குகளோடு, சவப்பெட்டி மூடும் முன் ஆரணிக்கு வந்துவிட வேண்டும். டாக்டரம்மாவின் நாற்காலியில் அப்போது யார் இருந்தாலும். என்னுடையதற்கும் அதே நிபந்தனை, பெட்டிக்குப் பதில் சிதை. கூடவே மறுநாளே ஒரு திரை. துணி என் செலவு.