பலகை நுனியில் ஒரு மூட்டை

எனக்குச் சொந்த ஊர் அறந்தாங்கி. பஸ் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்ததோடு சரி. கோட்டைப்பட்டினத்தில் பெண் எடுத்த பாவத்துக்கு, மச்சான்மாரின் பாய்மர வல்லத்தில் வருஷா வருஷம் போட்டிக்கு ஏற வேண்டியதாயிற்று. "மாப்ளைக்கு நீச்சல் வராட்டி என்ன, வெயிட்டு இருக்குல்ல" என்பார் சுக்கான் பிடிக்கும் பெரிய மச்சான். காற்று வலுத்து வல்லம் சாயும்போது, குறுக்கே வெளியில் நீட்டிய பலகையில் வரிசையாக உட்கார்ந்து எதிர்ப்பக்கம் பாரம் கொடுப்போம். அங்கே மட்டும் என் தொந்திக்கு மரியாதை உண்டு.

பலகையின் நுனி சின்ன மச்சானுடைய இடம். போன மழைக்காலத்தில் மீன்பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காரியம் செய்ய என் மாமியார் சம்மதிக்கவே இல்லை. "எம் புள்ள வருவான்" என்று தினமும் அவனுக்கும் சோறு எடுத்து வைத்தார்.

இந்த வருஷப் போட்டிக்கு வல்லத்தின் அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, எண்ணெய் பூசி, பாயின் கிழிசலைத் தைத்து முடித்தோம். நுனிக்கு ஆள் தேடியபோது மாமியார் மறித்தார்.

"அவன் எடத்துல இன்னொருத்தன் ஒக்காரக் கூடாது."

நுனியில் பாரம் இல்லாமல் வல்லம் நேராக ஓடாது. கடைசியில் அவன் எடைக்கு மணலை மூட்டையாகக் கட்டி அங்கே வைத்தோம். பக்கத்தில் நான் உட்கார்ந்தேன்.

கடலில் நட்ட கொடியைச் சுற்றித் திரும்பும்வரை நாங்கள்தான் முதல். திரும்பியதும் காற்று விழுந்துவிட்டது. அப்படி விழுந்தால், பாரத்துக்கு ஏற்றிய மணலைக் கடலில் கொட்டி வல்லத்தை லேசாக்குவதுதான் வழக்கம். பின்னால் வந்தவர்கள் கொட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் வல்லத்தில் ஒருவரும் மூட்டையைத் தொடவில்லை. ஒரு வல்லம் எங்களைத் தாண்டியது.

"மாப்ள, அவுத்துருங்க" என்றார் பெரிய மச்சான்.

முடிச்சில் கை வைத்தேன். சத்தியமாக என்னால் முடியவில்லை. "நீங்களே வாங்க மச்சான்" என்றேன்.

சுக்கானை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். போட்டி நடுவே அவர் சுக்கானை விட்டு எழுந்து நான் பார்த்ததே இல்லை. மூட்டையை உள்ளே இழுத்து வைத்தோம். அவர் கயிற்றை அவிழ்த்தார். மற்றவர்களைப் போல மொத்தமாகக் கவிழ்க்காமல், இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தண்ணீரில் விட்டார். அதற்குள் இன்னும் இரண்டு வல்லங்கள் போய்விட்டன. யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.

கரையில் மாமியார் முழங்கால் தண்ணீர்வரை இறங்கி நின்றிருந்தார். பலகையின் நுனியைப் பார்த்தார்.

"எங்கடா அவன்?"

"கடல்ல விட்டுட்டேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் பெரிய மச்சான் உடைந்து அழுதார்.

மாமியார் அழவில்லை. முந்தானையால் மகனின் முகத்தைத் துடைத்தார்.

"தூக்கிப் போட்டியா, பாத்துப் பதமா விட்டியா?"

"கையால அள்ளித்தான் விட்டேன்."

மாமியார் கடல் பக்கம் திரும்பினார்.

"சரி. காரியத்துக்கு நாள் பாருங்க" என்றார்.