மைக்கில் சொன்ன அஞ்சு பவுன்

தங்கை மகளுக்குக் காது குத்திய அன்று என் கையில் மைக்கைக் கொடுத்தவரைத்தான் முதலில் நாலு வார்த்தை கேட்க வேண்டும். சின்னாளப்பட்டியில் ஒரு சின்ன மண்டபம். தாய்மாமன் என் மடியில் குழந்தை வீறிட்டு அழுகிறது. மைக்செட்காரர், "தாய்மாமன் ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று நீட்டினார். ரெண்டோடு நிறுத்தியிருக்கலாம். "இவ கல்யாணத்துக்கு அஞ்சு பவுன் போடுவேன்" என்று முழங்கிவிட்டேன். விசில் பறந்தது. எங்கள் பக்கம் தாய்மாமன் மைக்கில் சொன்னால் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி.

ஏமாற்ற நினைக்கவில்லை. அந்த வருஷமே சேர்க்க ஆரம்பித்தேன். எனக்கு மில்லில் ஷிப்ட் வேலை. தீபாவளி போனஸ், ஓவர்டைம் காசு எல்லாம் பேங்க் டெபாசிட்டுக்குப் போனது. பவுனாகவே வாங்கி வைக்கலாமே என்று மனைவி எத்தனையோ முறை சொன்னாள்.

"வீட்ல பவுன் இருந்தா ஒரு காய்ச்சலுக்குக் கூட அடகுக்கடைக்குத்தேன் போகும். பேங்க்ல கெடக்கட்டும்" என்பேன்.

அவளுடைய வளையல் அப்படிப் போய் முழுகியதுதான், அதனால் அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. பிறகு விலை ஏறும்போதெல்லாம், "எறங்கட்டும், வாங்கிக்கிருவோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். எங்கே இறங்கியது! வாக்கைப் பவுனில் கொடுத்துவிட்டு ரூபாயில் சேர்த்துக்கொண்டிருந்த மடையன் நான். டெபாசிட்டைப் புதுப்பிக்கும்போதெல்லாம் பெருமையாக வேறு இருந்தது.

கல்யாணம் கூடிவந்தது. முதல் பத்திரிகை தாய்மாமனுக்குத்தான் என்று தங்கை தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வந்தாள். கிளம்பும்போது, "மாப்ள வீட்ல ஒன் அஞ்சையும் சேத்துத்தேன் சொல்லியிருக்கேண்ணே" என்றாள்.

மறுநாளே பேங்குக்குப் போய் டெபாசிட்டை முறித்தேன். "வட்டியோட நல்லா வளந்திருக்கு சார்" என்று அங்கிருந்த பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மனைவியோடு திண்டுக்கல் கடைவீதிக்குப் போனேன். நகைக்கடையில் குளிரக் குளிர ஜூஸ் கொடுத்தார்கள். செய்கூலி, சேதாரம் எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு கடைப் பையன் தயங்கித் தயங்கி, "இதுக்கு ரெண்டு பவுன் சங்கிலிதான் சார் வரும்" என்றான். ஜூஸ் டம்ளரைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்த உடம்பு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மறுத்தது.

"வாங்க, போவோம். அழுகாதீக, எல்லாரும் பாக்காக" என்றாள் மனைவி. நான் அழுதது எனக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலம் தங்கை மகள் வீட்டுக்கு வந்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். மனைவி போனில் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். என் மேல் காய்வாள் என்று பார்த்தால், பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து வைத்தாள். உள்ளே ஒரு சங்கிலி. வேலைக்குச் சேர்ந்த மாதத்திலிருந்து நகைச்சீட்டுக் கட்டி எடுத்ததாம்.

"மூணு பவுன் மாமா. ஒங்களதோட சேத்தா சரியாப் போகும். அம்மாவுக்குத் தெரியாது."

"என்னத்தா இது? ஒங் காசுல போயி..."

"வெல ஏறுறப்பல்லாம் ஒங்க மொகந்தேன் மாமா ஞாபகம் வரும். ஒங்களால முடியாதுன்னு அப்பவே தெரியும். கேட்டா வருத்தப்படுவீகன்னு கேக்கல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சம்பளம் என்ன பெரிய சம்பளமா? ஒரு சுடிதார் எடுக்க யோசிக்கிற பிள்ளை. எனக்கு அப்பாடா என்றும் இருந்தது, செத்துவிடலாம் போலவும் இருந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தச் சங்கிலியை மடித்து டப்பாவுக்குள் வைத்தேன். டப்பாவை மனைவி பீரோவில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் போய் அந்த ரெண்டு பவுன் சங்கிலியையும் வாங்கி வந்தோம்.

கல்யாணத்தன்று மைக்செட்காரர் வந்து, எத்தனை பவுன் என்று சொல்லட்டும் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மணவறையிலிருந்து, "அஞ்சுன்னு சொல்லுங்கண்ணே" என்றாள் அவள்.

தாய்மாமன் சீர் அஞ்சு பவுன் என்று மண்டபமே அதிர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் மகள் குனிந்து கொடுத்தாள். அவள் சம்பாதித்த மூன்று பவுனை, என் சீர் என்று, அவள் கழுத்திலேயே போட்டேன்.