பின்னால் உட்கார்ந்தவள்

நாற்பது வயதைத் தாண்டி வண்டி ஓட்டப் பழகினால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சங்கிலிமுத்துவைப் பார்த்து அச்சங்குளமே சிரித்தது. மச்சினனின் பைக்கை வாங்கிக்கொண்டு கோயில் பொட்டலைச் சுற்றிச் சுற்றி வந்தபோது, "அண்ணே, இப்படிக் காலை ஊனிக்கிட்டே போறதுக்கு நடந்தே போயிரலாமே!" என்று இளவட்டங்கள் கூவினார்கள். அவர் கோபப்படவில்லை. வேலைக்குப் போக பட்டாசுக் கம்பெனி வேன் வாசலுக்கே வந்துவிடும். தனக்காக அவருக்கு வண்டி தேவையே இல்லை. மனைவிக்காகத்தான் பழகினார்.

அவர் மனைவி பாண்டிலட்சுமியும் பட்டாசு வேலை பார்த்தவள்தான். ஒரு தீபாவளி சீசன் நெருக்கடியில் அவள் இருந்த அறை தீப்பிடித்தது. வாசலைத் தாண்டி வெளியே வந்துவிட்டவள், உள்ளே விழுந்து கிடந்த தோழியை இழுக்கத் திரும்பிப் போனாள். தோழி பிழைத்தாள். இவளுக்கு வலது கால் வெந்து, தோல் சுருங்கி, முழங்கால் மடங்காமலே போய்விட்டது. விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் பஸ் படிக்கட்டுதான் அவளுக்கு மலை. அந்தக் காலை அவள் தன் இரண்டு கைகளாலும் தூக்கிப் படியில் வைத்ததை ஒருநாள் சங்கிலிமுத்து பார்த்தார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

சாத்தூரில் பழைய வண்டி விற்கும் கருத்தப்பாண்டி, சிவப்பு டேங்க் வைத்த சின்ன மோட்டார் சைக்கிள் ஒன்றைத் துடைத்து வைத்திருந்தான்.

"ஒரு வாத்தியார் ஓட்டுன வண்டிண்ணே. மனுசன் நாப்பதைத் தாண்டுனதே இல்ல."

"நாங்களும் ஆஸ்பத்திரிக்குப் போறவுகதான் தம்பி. பறக்கப் போறதில்ல" என்றாள் கூடவே வந்திருந்த பாண்டிலட்சுமி.

"அப்படின்னா மதினியவும் ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. ரெண்டாளு கனத்தோட ஓட்டிப் பாத்தாத்தான் வண்டியோட குணம் தெரியும்."

அவள் ஒருக்களித்து ஏறி, மடங்காத காலை நீட்டிக்கொண்டு, அவர் தோளைப் பிடித்தாள். வண்டி அழகாகப் போனது. தெரு முழுக்கத் தன்னையே பார்ப்பதுபோல் அவருக்கு ஒரு பெருமை. டீக்கடை முனையில் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்தார்.

சைலன்ஸர் 'டமார்' என்று வெடித்தது.

வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் போர்மேன்கள் சொல்லிச் சொல்லி உடம்பில் ஏற்றிய பாடம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடு. பக்கத்தில் யார் என்று பார்க்காதே. பார்க்க நின்றவன் மிஞ்ச மாட்டான். சங்கிலிமுத்துவின் கைகள் ஹாண்டில்பாரை விட்டன. கால்கள் ஓடின. எதிரே இருந்த காலி மனைக்குள் பாய்ந்து, பிடரியைக் கைகளால் மூடிக்கொண்டு குப்புற விழுந்தார். வாயெல்லாம் புழுதி. அடுத்த வெடிக்காகக் காத்திருந்தார்.

வெடி வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது.

"ஏலே, வண்டிய விட ஆளு வேகமால்லே ஓடுதாரு!"

டீக்கடையே குலுங்கியது. பிறகு அந்தச் சிரிப்பு சட்டென்று நின்றது. அது நின்ற விதம்தான் அவரைத் தலை நிமிர்த்த வைத்தது.

பாண்டிலட்சுமி ரோட்டில் கிடந்தாள். அவள்மேல் வண்டி கிடந்தது. யாரோ இரண்டு பெண்கள் அதைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுந்து வந்தவரிடம் டீக்கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்: "உங்க சம்சாரமாண்ணே?"

கேலி செய்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அந்தச் சாதாரணக் கேள்விக்கு, "ஆமா" என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கட்டிய மனைவி முன்னால், ஊர் பேர் தெரியாதவர்கள் முன்னால், மனிதர் கூனிக் குறுகி நின்றார்.

கருத்தப்பாண்டி ஓடி வந்தான். "பெட்ரோல் சரியா எரியலைண்ணே, அதான். சரி பண்ணித் தாரேன்."

"வண்டி வேண்டாம்" என்றார் சங்கிலிமுத்து. மனைவியின் முழங்கையில் ரத்தம் கசிந்தது. கால் தப்பித்திருந்தது. அவளிடம் சொன்னார்: "பஸ்லயே போவோம் பாண்டி. எனக்குப் பின்னால நீ உக்காரக் கூடாது. நீ... நெருப்புக்குள்ள திரும்பிப் போனவ."

அவள் முந்தானையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். திட்டட்டும் என்று அவர் காத்திருந்தார்.

"ஓடத்தானே நமக்குப் பழக்கியிருக்காக. நானும் முதல்ல ஓடுனவதான்" என்றாள். பிறகு அவள் குரல் உடைந்தது. "ஆனா, இங்கன கிடந்து நீங்க ஓடுறதப் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒருக்கா கூட நீங்க திரும்பல. காயத்த விட அதுதான் வலிக்கு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். டீக்கடையில் இருந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"அழாதீக. ஓடுங்க, வேண்டாங்கல. ஓடும்போது எம் பேரச் சொல்லி ஒரு சத்தம் குடுங்க. நானும் குதிக்கணும்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

வண்டியைச் சரி பார்க்கச் சொன்னதும் அவள்தான். வாங்கச் சொன்னதும் அவள்தான். சாயங்காலம் கருத்தப்பாண்டி வண்டியோடு கொடுத்த ஹெல்மெட்டை அவர் மாட்டிக்கொண்டதும், கூப்பிடாமலேயே அவளாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வழியெல்லாம் எங்கே இன்ஜின் லேசாகச் செருமினாலும் சங்கிலிமுத்துவின் உடம்பு தூக்கிப்போட்டது. "பாண்டி!" என்று கத்தினார். "இருக்கேன்" என்றாள் அவள். வேகத்தடையில் ஒருமுறை, லாரி ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தபோது ஒருமுறை. "பாண்டி!" "இருக்கேங்க." கோபமில்லாத அந்தப் பதில் ஒவ்வொன்றும் அவர் முதுகில் சூடு வைத்தது.

வீடு வந்து இறங்கியபின் ஹெல்மெட்டைக் கழற்றாமலே தயங்கி நின்றார். கழற்றினால் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.