பக்கத்து மாடிக்கு ஒரு மை தாய்

நவம்பர் ஞாயிறு, தில்லியின் முனிர்கா, பகல் மூன்று மணி. நான் தோழி சுதாவோடு தங்கியிருக்கிறேன்; அவள் இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வாரம்தான் ஆகிறது. சாயங்காலம் பசிபிக் தீவுப் பாணியில் டிக்கி பார்ட்டி கொடுக்கிறாள். அதற்காக மொட்டைமாடியில் மை தாய் கலந்து பார்க்கிறோம்: ரம், எலுமிச்சைச் சாறு, ஆரஞ்சு மது, பாதாம் சிரப். புகைமூட்டத்தில் கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"வாசனை நல்லா இருக்கே," என்று புகைக்குள்ளிருந்து இந்தியில் ஒரு கிழவரின் குரல். இங்கே வீடுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கும். சுதா சிரித்துக்கொண்டே கிளாஸை நீட்டுகிறாள். சுருங்கிய கை ஒன்று வாங்கிக்கொள்கிறது. சற்றுப் பொறுத்துக் காலி கிளாஸ் திரும்பி வருகிறது.

"பாதாம் ஜாஸ்தி, மகளே."

துணி எடுக்க வந்த வீட்டுக்கார அம்மாள், "யாரோட பேச்சு?" என்று இந்தியில் கேட்கிறார்.

"பக்கத்து வீட்டு பாபாஜியோட, ஆன்ட்டி."

"எந்த வீடு? அதைத் தீபாவளிக்கு முன்னாடியே இடிச்சாச்சே."

காற்றடித்துப் புகை விலகுகிறது. சுவருக்கு அப்பால் வெறும் வெளி. நாலு மாடிக்குக் கீழே செங்கல் குவியல்.

சுதா விருந்தாளிகளுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்கிறாள். "பார்ட்டி கீழ ரூம்லதான். மாடிக்கு யாரும் வராதீங்க."

ஏன் என்று கேட்பவர்களிடம், புகை அதிகம் என்கிறாள்.