'போயிட்டு வாறன்' என்று சொன்னதால் வராமல் போன வான்

இந்த நாட்டில் பஸ் மன்னிப்புக் கேட்கிறது. நியூசிலாந்துக்கு வந்த புதிதில், மழையில் நனைந்தபடி நான் கையைக் காட்ட, வெறும் பஸ் ஒன்று என்னைக் கடந்து போனது. அதன் நெற்றியில் 'சொரி, நொட் இன் சேர்விஸ்' என்று எழுத்து ஒளிர்ந்தது. நம்மூர்ப் பஸ் அப்படியா? கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகிற பஸ்ஸில் மிதிபலகையில் நாலு பேர் தொங்கினாலும், "பின்னால இடம் கிடக்கு, உள்ளுக்குப் போங்க வாப்பா" என்பார் கொண்டக்டர். இடமும் இராது, மன்னிப்பும் இராது. ஆனால் பஸ் நிற்கும்.

நாங்கள் குடியிருப்பது ஒரு குன்றின் உச்சியில். பஸ் அடிவாரத்தோடு திரும்பிவிடும். அங்கிருந்து நூற்றெழுபத்திரண்டு படிகள். இலங்கையில் எங்கள் ஊரான சாய்ந்தமருதில் நான் ஏறிய ஆக உயரமான மேடு, றோட்டில் போட்ட வேகத்தடை. அப்படிப்பட்டவன் மலையில் வீடெடுத்ததற்குக் காரணம் என் மனைவி நஸீமா. சுனாமியன்று எங்கள் வளவு மதில் அவளுடைய முழங்காலில் விழுந்தது. ஓடி ஏற ஒரு திட்டிகூட இல்லாத ஊர். இங்கு வீடு தேடியபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்: "கடல் ஏறி வர ஏலாத இடமாப் பாருங்க." பார்த்தேன். கடலாலும் ஏற முடியாது, அவளாலும் ஏற முடியாது. காலுக்குப் பயிற்சி கொடுக்கும் கிளினிக் அடிவாரத்தில் இருக்க, அவள் மூன்று மாதமாக வீட்டோடு. போகாவிட்டால் கால் மடங்காமலே போய்விடும் என்று டொக்டர் எச்சரித்திருந்தார். சுற்றி ஏறும் றோட்டில் கார் ஓட்டலாமே என்பீர்கள். பரீட்சையில் இரண்டு தரம் தோற்றவன் நான். ஏற்றத்தில் நிறுத்திப் புறப்படச் சொன்னார்கள். கார் புறப்பட்டது, பின்பக்கமாக.

ஆகவே எங்கள் குன்றின் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திட்டம் எழுதினேன். பகலில் சும்மா நிற்கும் பாடசாலை வானைக் கேட்டு வாங்குவோம், அயலவர்களே முறைபோட்டு ஓட்டுவோம் என்று. கூட்டத்தில் பத்து நிமிடம் கதைத்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வாக்கெடுப்புக்கு முன்பே மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எழும்பி, மரியாதையாக "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். வெறுமனே 'போறன்' என்று சொன்னால் வாயில் அடிக்கிற உம்மாவிடம் வளர்ந்தவன், வேறு என்ன சொல்வேன்?

ஒரு மாதம் பதிலே இல்லை. சங்கச் செயலாளர் மார்கிரெட்டைப் படியில் கண்டு கேட்டேன்.

"நாங்கள் உங்களுக்காகக் காத்திருந்தோம். நீங்கள் வரவேயில்லையே."

"நான் வீட்டுக்கல்லவா போனேன்?"

"போய்விட்டு வருவதாகச் சொன்னீர்கள்!"

கூட்டக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்களாம்: 'திரு. ரஹீம் திரும்பி வரும்வரை வான் விடயம் ஒத்திவைக்கப்படுகிறது.' எனக்கென்று ஊற்றிய தேநீர் ஆறிப்போகும்வரை இருந்திருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளவும் வழியில்லை. ஒரு கையில் கைப்பிடி, மறு கையில் அரிசிப் பை.

நஸீமா சிரிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன்.

"என்ட கால் என்ன, ஒங்கட இங்கிலீசு எழுதிப் பழகுற சிலேட்டா?" என்றாள்.

அதே கிழமை ஊரிலிருந்து ராத்தா, என் மூத்த சகோதரி, அழைத்தார். "நாட்டுல சண்டையும் முடிஞ்சிட்டு. எப்பதான்டா வாறாய்?"

"பாப்பம் ராத்தா."

"பாப்பமாம்! வாசல்ல நிண்டு 'போயிட்டு வாறன்' எண்டு சொன்னது நீயா, வேற ஆருமா?"

ஒரே வாக்கியம், இரண்டு நாட்டிலும் வழக்கு.

அடுத்த கூட்டத்தில் நான் மண்டபத்தை விட்டு அசையவில்லை. மஃரிபை அங்கிருந்த குசினியிலேயே, கேத்திலுக்குப் பக்கத்தில் தொழுதேன். வான் சரிவந்தது. செவ்வாயும் வெள்ளியும்.

முதல் செவ்வாயன்று ஓட்டியவர் பீட்டர், ஓய்வுபெற்ற தச்சர். அடிவாரத்தில் மற்றவர்கள் இறங்கிய பின், கிளினிக் வாசலில் நஸீமாவும் நானும் இறங்கினோம். மதியம் திரும்ப ஏற்றிப்போவதாக ஏற்பாடு. நஸீமா பீட்டரிடம் திரும்பி, என்னிடம் படித்த இங்கிலீசில் "ஐ கோ அண்ட் கம்" என்று விடைபெற்றாள். கைத்தடியை ஊன்றி உள்ளே போனாள்.

வான் நகரவில்லை. எஞ்சினும் நிற்கவில்லை.

"போகவில்லையா?" என்றேன்.

"உங்கள் மனைவி வருகிறேன் என்றாரே," என்றார் பீட்டர்.

அது எங்கள் ஊரில் விடைபெறுகிற பேச்சு, அதை நம்பி யாரும் காத்திருக்க வேண்டியதில்லை என்று விளக்க வாயெடுத்தேன். ராத்தா ஞாபகத்துக்கு வந்தார். அந்த விளக்கத்தை மட்டும் என்னால் சொல்லி முடிக்க இயலவில்லை.

"ஓம், வருவா," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, வானில் ஏறிப் பீட்டருக்குப் பக்கத்தில் நானும் உட்கார்ந்துகொண்டேன்.